பொறுப்புச் சிஸ்டர்களுக்கு ஆறு மாத வழிகாட்டல்: காசு கொடுத்துப் போகலாமா?

வார்ட் பொறுப்புக்கு வந்த தாதியருக்கு வழிகாட்டுகிற ஒரு சேவையைப் பற்றிப் பெயர் போடாமல் எழுதினால் மொட்டைக் கடிதம் போலத்தான் இருக்கும். என்ன செய்வது, நடத்துகிற மேற்றனே (தாதியருக்கெல்லாம் தலைமைத் தாதி) "பெயரை மட்டும் போட்டுவிடாதே மகள், இருக்கிற 16 கதிரைக்கே அடிபிடியாக இருக்கிறது" என்று கேட்டுக்கொண்டார். இலங்கையின் மட்டக்களப்புப் பக்கத்துத் தாதியர் யாரிடமாவது "கல்லடிச் சனிக்கிழமை வகுப்பு" என்று விசாரித்துப் பாருங்கள். நடத்துகிறவரைத் தெரியாவிட்டாலும் மிளகாய் மில்லுக்கு மேல்மாடி என்று இடத்தைச் சொல்லிவிடுவார்கள்.

நான் காரைதீவு. அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் 14 வருடமாகத் தாதிய உத்தியோகத்தர். பெண்கள் மருத்துவ வார்ட். 42 கட்டில், மாரி மழையோடு டெங்கு வந்தால் கட்டிலுக்குக் கீழேயும் பாய் விரிப்போம். எங்கள் வார்ட் சிஸ்டர் ஓய்வு பெற்றுப் போன அன்று பின்னேரம், அடுத்த சீனியர் நான் என்பதால் சாவிக்கொத்து என் கைக்கு வந்தது. அபாயகர மருந்து அலுமாரிச் சாவி எது, துணி அலுமாரிச் சாவி எது என்று காட்டித் தந்தார்கள். அதோடு என் பயிற்சி முடிந்தது. நரம்பே தட்டுப்படாத கிழவியின் கையிலும் சேலைன் ஏற்றிவிடுவேன். ஆனால் 25 வயதுப் பிள்ளை ஒருத்தி தினமும் கால் மணி நேரம் பிந்தி வருவதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாது. இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் கத்தினேன். இரண்டுமே பிழை என்று தெரிந்தது, சரி எது என்று தெரியவில்லை.

இன்னொன்றும் நடந்தது. முதல் நாள்வரை "அக்கா, வாங்கள் சாப்பிடுவோம்" என்று கூப்பிட்டவர்கள் மறுநாளிலிருந்து "சிஸ்டர்" என்றார்கள். நான் தேநீர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பதவி வந்தால் அப்படித்தான்" என்றார். ஆசிரியர் அவர், அதிபராக வர மறுத்துவிட்டு இன்னும் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருப்பவர். அவருடைய ஆலோசனையை நான் எந்த அளவுக்கு எடுத்துக்கொண்டிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படித்தான் கல்லடிக்குப் போய்ச் சேர்ந்தேன். காலை 6 மணிக்கு அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து வருகிற பஸ்ஸைப் பிடித்தால் களுவாஞ்சிகுடி, காத்தான்குடி எல்லாம் தாண்டி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். பாலத்துக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை, காலை 9 முதல் பிற்பகல் 3 வரை, மொத்தம் 12 வகுப்பு. 16 பேருக்கு நான்கு வழிகாட்டிகள். ஆளுக்கு நான்கு பிள்ளைகள். வகுப்பு இல்லாத வாரத்தில் வழிகாட்டி ஒரு தடவை தொலைபேசியில் எடுப்பார். கட்டணம் 18,000 ரூபாய், இரண்டு தவணையில் கொடுக்கலாம். மதியச் சோறு அதற்குள் அடக்கம். கடைசியில் ஒரு சான்றிதழ் தருகிறார்கள். பதவி உயர்வுக்கு அது ஒரு புள்ளியும் சேர்க்காது, சுவருக்குத்தான் உதவும். சுகாதார அமைச்சின் பயிற்சிகளுக்கு மாற்றாக இதை எண்ணிக்கொண்டு யாரும் வரவேண்டாம். முதல் நாளே மேற்றனும் அதைத்தான் சொன்னார்.

என் வழிகாட்டி மேற்றன்தான். அவருக்கு வயது அறுபதைத் தாண்டி ஆறேழு இருக்கும். வெள்ளைச் சேலை, ஆண்களுடைய கைக்கடிகாரம். பெண்களை "மகள்" என்பார், ஆண்களைத் "தம்பி" என்பார், கோபம் வந்தால் இருபாலாரையும் "நீங்கள்" என்பார். அந்த "நீங்கள்" வந்தால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

இரண்டாவது வகுப்புக்கு அடுத்த மாதக் கடமைப் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நான் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, நீலப் பேனையால் அழகாக எழுதிக்கொண்டு போனேன். காலை 7 முதல் 1, பின்னேரம் 1 முதல் 7, இரவு 7 முதல் மறுநாள் காலை 7. எங்கள் தொழிலில் வாழ்க்கையே இந்த மூன்று பெட்டிக்குள்தான். கணக்கில் பிழை இல்லை, ஒரு வேளையும் ஆள் குறையவில்லை. பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் தாளை வாங்கிப் பார்க்கவே இல்லை. கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"உன் வார்ட்டில் எத்தனை தாதிகள் மகள்?"

"என்னோடு 11 பேர்."

"இந்த வெறும் பக்கத்தில் அவர்களுடைய பெயரை எழுது. பக்கத்திலேயே, வீட்டில் யார் யார், எங்கிருந்து வருகிறார்கள், எப்படி வருகிறார்கள் என்றும் எழுது."

ஏழு பேருக்குக் கைகள் தாமாக ஓடின. எட்டாவது பெயரில் நின்றது. கண்டிப் பக்கமிருந்து நியமனம் கிடைத்து வந்த சிங்களப் பிள்ளை; வந்து எட்டு மாதம். தமிழ் தட்டுத் தடுமாறிப் பேசுவாள், கொடுத்த வேலையைச் செய்வாள், அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. எங்கே தங்கியிருக்கிறாள் என்றுகூடத் தெரியாது. மேற்றன் காத்திருந்தார். கீழே மில்லில் மிளகாய் அரைக்கத் தொடங்கினார்கள்; ஒவ்வொருவராகத் தும்மினோம். பிறகு தாளைத் திருப்பி, அந்தப் பிள்ளையின் வரிசையில் விரலை வைத்து இழுத்தார். தொடர்ந்து மூன்று வாரம் சனி, ஞாயிறு இரவுகள். நான் வேண்டுமென்று போட்டதல்ல. மற்றவர்கள் ஒவ்வொருவரும் வந்து ஒவ்வொரு காரணம் சொன்னார்கள், இவள் ஒன்றும் சொல்லவில்லை. இடம் அவளிடம்தான் இருந்தது.

"கேட்கத் தெரியாத பிள்ளையின் தலையில்தான் எல்லாரும் இறக்கி வைப்பார்கள். நீயுமா?" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அறிவுரை எதுவும் இல்லை. பென்சிலும் வெறுந்தாளும் கொடுத்துத் திரும்ப எழுது என்றார்.

அன்று மதியம்வரை 16 பேரும் பட்டியல்தான் எழுதினோம். வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விடயமாகத் தெரியலாம். கிழக்கில் ஒரு வார்ட்டின் கடமைப் பட்டியல் என்பது பஞ்சாங்கத்தையும் பிறைக் கணக்கையும் ஒன்றாகப் பார்த்து எழுதுகிற சங்கதி. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு ஆண் தாதி போகவேண்டும். ஞாயிறு காலை பூசைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கிற நேரம் பின்னேரக் கடமையின் கடைசி மணித்தியாலத்துக்குள் வந்து விழும். அந்த நேரத்தில் மருந்து ட்ரொலியைத் தள்ளுவதற்கு நோன்பில்லாத ஒருவர் இருக்கவேண்டும். வைகாசியில் எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் சடங்கும் வெசாக்கும் அடுத்தடுத்து வந்து நிற்கும். ஊரில் சடங்கென்றால் என்னை நானே காலைக் கடமைக்குப் போட்டுக்கொண்டு பின்னேரம் கோயிலில் நின்றேன் என்பதை அன்று ஒப்புக்கொண்டேன். காத்தான்குடிப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி சிரித்துவிட்டு, "நானும் பெருநாளுக்கு அப்படித்தான் அக்கா" என்றாள்.

மேற்றனின் முறை எளிமையானது. பட்டியலைப் பென்சிலால் எழுதித் தேநீர் அறையில் இரண்டு நாள் ஒட்டிவைக்க வேண்டும். யாருக்கு என்ன சிக்கல் என்றாலும் அதிலேயே பென்சிலால் குறிக்கலாம். தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு நாளுக்குப் பிறகுதான் பேனை. நான் இதைச் செய்து பார்த்தேன். முதல் மாதம் பட்டியல் போர்க்களமாகத்தான் இருந்தது, மூன்று பேர் ஒருவரையொருவர் அழித்து எழுதியிருந்தார்கள். இரண்டாம் மாதம் அந்தக் கண்டிப் பிள்ளை, வெசாக் வாரத்துக்குப் பக்கத்தில், சிங்கள எழுத்தில் சின்னதாக ஏதோ எழுதியிருந்தாள். படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். "அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை" என்று இருந்ததாம்.

18,000 ரூபாய்க்கு இந்த ஒரு வகுப்பே போதும் என்று எழுத ஆசைதான். ஆனால் இன்னும் இரண்டு விடயங்களைச் சொல்லவேண்டும்.

ஒன்று, டொக்டரைத் தொலைபேசியில் எழுப்புகிற பயிற்சி. எஸ்.பி.ஏ.ஆர். என்று ஒரு முறை இருக்கிறது: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு படியில் விடயத்தைச் சொல்வது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி, கைசர் பெர்மனென்டே என்ற சுகாதார நிறுவனத்தின் வழியாக வைத்தியசாலைகளுக்கு வந்தது. எங்களில் பாதிப் பேர் பயிற்சிக் கல்லூரியிலேயே படித்ததுதான். படித்ததும் வாயிலிருந்து வருவதும் வேறு. ஓய்வுபெற்ற வார்ட் மாஸ்டர் (ஆண் பொறுப்புத் தாதி) ஒருவர் தூக்கம் கலைந்த டொக்டராக நடித்தார். கதிரையைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தொலைபேசியில் முகம் தெரியாதுதானே. வாழைச்சேனைத் தம்பி ஒருவர் எடுத்தார். டெங்கு நோயாளி, பிரஷர் 100க்கு 80, நாடித் துடிப்பு 124.

"சேர், 7ஆம் கட்டில் அம்மா கொஞ்சம் சரியில்லை. சேர் முடிந்தால் வந்து பார்த்தால் நல்லது."

"பிரஷர் என்ன?"

"100க்கு 80 சேர்."

"100 இருக்கிறதுதானே, பிறகென்ன? காலையில் பார்க்கிறேன். வை."

தம்பி வைத்துவிட்டார். நாங்கள் சிரித்தோம். மேற்றன் சிரிக்கவில்லை. "மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். 20. டெங்குவில் அந்த இடைவெளி 20க்கு இறங்கினால் நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்பது அறையிலிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அந்தத் தம்பிக்கும் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. நாலாவது படிதான் தொண்டையில் நிற்கிறது. டொக்டருக்குத் தாதி பரிந்துரை சொல்வதா என்று எங்களுக்குள் ஒரு குரல் இருக்கிறது. அந்தக் குரல் பதினெட்டு வயதிலிருந்து யார் யாரோ போட்டுவைத்தது. ஆறு தடவை எடுக்க வைத்தார்கள். ஆறாவது தடவை தம்பி சொன்னது இது: "சேர், இடைவெளி 20க்கு வந்துவிட்டது, கைகால் குளிர்ந்திருக்கிறது. அதிர்ச்சி நிலைக்குப் போகிறார் என்று நினைக்கிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்கவேண்டும்." முதுகைக் காட்டிக்கொண்டிருந்த வார்ட் மாஸ்டர் எழுந்து செருப்பைத் தேடுவதுபோல் நடித்தார். அதற்குக் கைதட்டினோம்.

இரண்டாவது, என் சொந்தக் கதை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாலாம் மாதம். எங்கள் வார்ட்டில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி இன்சுலின் எடுத்தாள். சீட்டில் 6 அலகு. அவள் 60 என்று படித்து ஊசியை நிரப்பிவிட்டாள். சரிபார்க்கவேண்டிய இரண்டாவது தாதி பார்த்து நிறுத்தியதால் நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கைகால் நடுங்கியது. நடுக்கம் கோபமாக மாறி, வார்ட்டின் நடுவில், நோயாளியின் மகள் பார்த்துக்கொண்டிருக்க, அவளைப் பிடித்து ஏசினேன். "மூன்று வருடம் என்ன படித்தாய்" என்றும் கேட்டேன். அந்த வசனம் என்னுடையதுகூட இல்லை. 14 வருடத்துக்கு முன் என்னிடம் கேட்கப்பட்டது, சொல்லுக்குச் சொல் அப்படியே.

அன்று இரவு மேற்றனின் அழைப்பு நாள். நடந்ததைச் சொன்னேன், என் பக்க நியாயத்தோடு. அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூன்று கேள்வி கேட்டார்.

"அவள் நின்றுகொண்டிருந்தாளா, உட்கார்ந்திருந்தாளா?"

"நின்றுகொண்டிருந்தாள்."

"சுற்றி எத்தனை பேர்?"

"ஏழெட்டுப் பேர்."

"டொக்டர் எழுதிய சீட்டை நீ கையில் வாங்கிப் படித்தாயா?"

படிக்கவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாகச் சீட்டை எடுத்தேன். 6க்குப் பக்கத்தில் அலகைக் குறிக்கும் ஆங்கில "யு" எழுத்து. அவசரத்தில் எழுதியது, மேல்வாய் மூடி, அச்சொட்டாகப் பூச்சியம். எனக்கே 60 என்றுதான் தெரிந்தது. இது உலகறிந்த ஆபத்து. அமெரிக்காவில் வைத்தியசாலைகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் ஆணைக்குழு 2004இலேயே அந்த எழுத்தைப் பயன்படுத்தக்கூடாத சுருக்கங்களின் பட்டியலில் போட்டுவிட்டது. அலகு என்பதை முழுச் சொல்லாக எழுதவேண்டும் என்பது விதி. எனக்குத் தெரிந்த விதி. அவளிடம் கத்தியபோது ஞாபகம் வராத விதி.

துணி அறைக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போய், விரிப்புக் கட்டுகளின் மேல் இருவரும் உட்கார்ந்தோம். சீட்டைக் காட்டி, "எனக்கும் 60 என்றுதான் படுகிறது" என்றேன். அவள் அழுதாள். நான் கத்தியபோது அழாதவள். பிறகு பயிற்சி டொக்டர்களிடம் போய் அலகு என்று முழுதாக எழுதச் சொன்னோம்; நான் சொல்லவில்லை, அவளைத்தான் சொல்ல வைத்தேன், நான் பின்னால் நின்றேன். மூன்று வாரம் எடுத்தது. ஒருவர் இன்னும் எழுதுவதில்லை. அவருடைய சீட்டு வந்தால் அவளே போய்த் திருத்தி வாங்கிக்கொண்டு வருகிறாள்.

மற்ற மூன்று வழிகாட்டிகளும் இந்த அளவுக்கு இருக்கிறார்களா என்றால், இல்லை. இங்கேதான் என் முறைப்பாடு தொடங்குகிறது. நீங்கள் யாரிடம் மாட்டுகிறீர்கள் என்பது குலுக்கலில்தான் தீர்மானமாகிறது. ஒரு வழிகாட்டி எல்லா வாரமும் 2004 சுனாமியன்று தான் என்ன செய்தார் என்பதையே சொன்னாராம். அவருடைய நான்கு பிள்ளைகளும் கதையை மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த நாளில் இந்தக் கரையில் வேலை செய்தவர்களின் கதை கேட்கவேண்டிய கதைதான், மறுக்கவில்லை. ஆனால் பட்டியல் எழுதத் தெரியாமல் வந்திருக்கிற பிள்ளைக்கு நாலாவது தடவையும் அதுவா? மேற்றனிடமும் ஒரு கதை இருக்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளி இரவில் அவர் பயிற்சித் தாதி. கூரை பறந்துகொண்டிருக்க, அன்றைய வார்ட் சிஸ்டர் கட்டளை எதுவும் போடாமல் அரை மணிக்கு ஒரு தடவை நோயாளிகளை எண்ணிக்கொண்டே இருந்தாராம். எண்ணும் குரல் கேட்டதால் யாரும் எழுந்து ஓடவில்லையாம். ஆறு மாதத்தில் ஒரே ஒரு தடவை, அரை நிமிடத்தில் சொன்னார்.

பாடக் குறிப்புகளைப் பற்றியும் சொல்லவேண்டும். யாரோ ஆங்கிலத்திலிருந்து பெயர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். "உருமாற்றத் தலைமைத்துவத்தின் இயக்குவிசைக் கூறுகள்" என்று ஒரு தலைப்பு. நான்கு தடவை படித்தும் எனக்கு விளங்கவில்லை. தமிழ்தான் என் தாய்மொழி. அதற்குள்ளும் ஒரு நல்ல பக்கம் இருந்தது. பட்ரீசியா பென்னர் என்ற அமெரிக்கத் தாதியியல் அறிஞர் 1984இல் எழுதியதன் சுருக்கம். புதியவரிலிருந்து நிபுணர்வரை தாதி ஒருவர் ஐந்து படியில் வளர்கிறார் என்பது அவருடைய கணக்கு. எவ்வளவு அனுபவம் இருந்தாலும், பழக்கமில்லாத துறைக்குள் காலை வைத்தால் திரும்ப முதற்படிதான். இதைப் படித்தபோது மனம் ஆறியது. சேலைன் ஏற்றுவதில் நான் ஐந்தாம் படி. சாவிக்கொத்தைப் பிடிப்பதில் முதலாம் படி. 14 வருடத்தைக் காட்டி என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது வகுப்புக்கு வெளியிலிருந்து ஊக்கப் பேச்சாளர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். இரண்டு மணி நேரம். எல்லாரையும் எழுப்பிக் கைதட்ட வைத்தார், பலூன் ஊத வைத்தார். கழுகு எப்படிப் பறக்கிறது என்றார். முந்தின இரவு கடமை முடித்துவிட்டு நேராக வந்திருந்த ஏறாவூர்த் தங்கச்சி பலூனை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனாள். அவளைத் தூங்க விட்டதுதான் அன்றைய வகுப்பில் நடந்த நல்ல காரியம். அடுத்த அணிக்கு இதை நிறுத்தச் சொல்லிக் கருத்துப் படிவத்தில் எழுதியிருக்கிறேன்.

இடத்தைப் பற்றி: மாடி, வாவி பார்த்த யன்னல், காற்று வந்தால் சொர்க்கம். ஆவணி மாதம் காற்று வராது. மின்விசிறி இரண்டு, ஒன்று சத்தம் மட்டும் போடும். மீன் பாடுகிற ஊரில் எங்களுக்குக் கேட்டதெல்லாம் மில்லின் பாட்டுத்தான். மலசலகூடம் ஒன்றே ஒன்று, 20 பேருக்கு. சாப்பாட்டில் குறையில்லை, மீன் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும், கடைசியில் சட்டித் தயிர். தயிருக்காகவே வந்ததாகச் சொன்ன தம்பிகள் உண்டு.

வகுப்பு முழுக்கத் தமிழில். எனக்கு அது வசதி. ஆனால் அம்பாறை நகரத்திலிருந்தோ எங்கள் வார்ட்டுகளிலிருந்தோ சிங்களச் சகோதரிகள் வரமுடியாது. கடமைப் பட்டியலில் அந்தப் பிள்ளையை மறந்துவிட்டாயே என்று என்னைக் கேட்ட மேற்றனிடம் நான் திருப்பிக் கேட்டேன், உங்கள் வகுப்பில் அவளுக்குக் கதிரை எங்கே என்று. முகம் கொஞ்சம் மாறியது. "யோசிக்கிறேன் மகள்" என்றார். யோசிக்கட்டும்.

பட்டதாரிகள் விடயம் ஒன்று அடிக்கடி வகுப்பில் வெடித்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் முடித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கும், பயிற்சிக் கல்லூரி டிப்ளோமாவோடு 15, 20 வருடம் உழைத்த எங்களுக்கும் இடையில் எல்லா வார்ட்டிலும் ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. யாரும் வெளியில் பேசமாட்டார்கள். இங்கே பேச விட்டார்கள், இரண்டு பக்கமும் நன்றாகவே பேசியது. முடிவில் என்னைப் பட்டதாரித் தங்கச்சி ஒருத்தியோடு சோடி சேர்த்தார்கள்: அவள் எனக்கு ஆய்வுக் கட்டுரை ஒன்றை எப்படித் தேடிப் படிப்பது என்று காட்டித் தரவேண்டும், நான் அவளுக்கு இறந்துபோனவரின் வீட்டாரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லித் தரவேண்டும். யார் யாருக்குக் கூடுதலாகக் கொடுத்தோம் என்று நாங்கள் இன்னும் சண்டை பிடிக்கிறோம்.

மேற்றனோடு நான் உடன்படாத இடமும் உண்டு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை தாதிகள் வெளிநாடு போனார்கள் என்பது எந்த வார்ட்டிலும் வெறுமையாகக் கிடக்கிற கொளுவியைப் பார்த்தாலே விளங்கும். மூன்று வருடம் கைபிடித்து வளர்த்துவிட்ட பிள்ளை ஒருநாள் கடவுச்சீட்டோடு வந்து நிற்கிறாள். "எங்கே போனாலும் நோயாளிதானே மகள்" என்கிறார் மேற்றன். அவர் பெரிய மனுஷி, சொல்லலாம். 11 பேர் 9 பேராகி, அந்த 9 பேரில் பட்டியல் போடுகிறவள் நான். எனக்கு அந்தப் பெருந்தன்மை இன்னும் வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020ஐத் தாதியர், மருத்துவமாதர் ஆண்டாக அறிவித்தது. 35 வயதும் அதற்குக் குறைவுமான தாதியருக்குத் தலைமைப் பயிற்சி கொடுங்கள் என்று நைட்டிங்கேலின் பெயரால் உலகம் முழுக்கக் கேட்டார்கள். அந்த ஆண்டு கொரோனா வந்தது. கைதட்டினார்கள், விளக்கேற்றினார்கள். எங்கள் பக்கத்தில் 35 வயதுக்காரிக்குப் பட்டியல் எழுதச் சொல்லிக் கொடுக்க மில்லுக்கு மேலே ஒரு மாடிதான் இருக்கிறது, அதுவும் அவளுடைய சொந்தக் காசில், சொந்த விடுமுறை நாளில். நிர்வாகத்தில் யாரும் இதற்காகக் கடமை விடுப்புத் தரவில்லை. 12 சனிக்கிழமைக்கும் நான் ஆட்களோடு மாற்றிக்கொண்டுதான் போனேன்.

பெரிய குறை இதுதான்: 12ஆவது வகுப்போடு எல்லாம் அறுந்துவிடுகிறது. சான்றிதழ், படம், தயிர், போய்வாருங்கள். உண்மையான தலையிடி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எங்கள் அணியில் ஆறு பேர் நாங்களாகவே மாதம் ஒருதடவை களுவாஞ்சிகுடியில் ஒரு வீட்டில் கூடுகிறோம். எல்லாருக்கும் நடுவழி அது. மேற்றன் இரண்டு தடவை சொல்லாமல் கொள்ளாமல் வந்து பின்வரிசையில் இருந்தார். அது அவருடைய நல்ல குணம், கட்டணத்துக்குள் வருகிற சேவை இல்லை.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்பீர்கள். மேற்றனின் கையில் விழுந்தால் ஐந்து. சுனாமிக் கதைக்காரரிடம் விழுந்தால் இரண்டரை, அதிலும் ஒன்று தயிருக்கு. பொறுப்பு ஏற்று ஒரு வருடத்துக்குள் இருப்பவர்கள், விரைவில் ஏற்கப்போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். சான்றிதழ் தேடுகிறவர்கள் போகவேண்டாம்.

அடுத்த அணி தை மாதத்தில் தொடங்குகிறது. போகிறவர்கள் யன்னலோரக் கதிரையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வாவிப் பக்கம், ஓடுகிற மின்விசிறி அங்கேதான். பதினொரு மணிக்குக் கைக்குட்டை தேவைப்படும். இரண்டாவது வகுப்புக்குப் பட்டியலைப் பேனையால் எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள்; பென்சிலும் அழிரப்பரும் கொண்டுபோங்கள். அழிரப்பர் பெரியதாகவே இருக்கட்டும்.